பாதுகாப்பு பார்த்தால் வேலை கெடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயிற்சி வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்து போகும்போது யாராவது ஒருவர் மட்டும் பின்தங்குவார். "ஒண்ணு கேக்கலாமா சார்?" என்பார். பெரும்பாலும் அது முன்பே வேறொருவர் கேட்ட கேள்வியாகத்தான் இருக்கும். பணியிடப் பாதுகாப்பு வேலையில் இத்தனை வருஷம் இருந்ததில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்கள் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுக்கொண்டு போகும்.

பாதுகாப்புன்னா ஹெல்மெட், ஷூ, கையுறை. அவ்வளவுதானே?

அவை கடைசியில் வருபவை. ஓர் ஆபத்தைக் கையாள ஐந்து படிகள் உண்டு, மேலிருந்து கீழே இறங்க வேண்டும். முதலில், அந்த ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா? முடியாவிட்டால், ஆபத்து குறைந்த வேறொன்றை அந்த இடத்தில் வைக்க முடியுமா? அதுவும் முடியாவிட்டால், ஆளுக்கும் ஆபத்துக்கும் நடுவே தடுப்போ உறிஞ்சு விசிறியோ வைப்பது. நான்காவது, வேலை செய்யும் முறையை மாற்றுவது: பயிற்சி, எச்சரிக்கைப் பலகை, ஆள் மாற்றி ஆள் நிற்பது. இவ்வளவுக்கும் பிறகு மிச்சமிருக்கும் ஆபத்துக்குத்தான் ஹெல்மெட்டும் கையுறையும்.

கல் வெட்டும் இடத்தைப் பாருங்கள். காய்ந்த கல்லில் பிளேடு இறங்கினால் வெள்ளைப் புகை மாதிரி தூசி கிளம்பும். முகக்கவசம் கொடுத்தால் வியர்வையில் நழுவும், தாடி இருந்தால் முகத்தோடு ஒட்டாது, பேசுவதற்காகக் கழுத்துக்கு இறக்கிவிடுவார்கள். அதே பிளேடின் மேல் ஒரு சின்னக் குழாயில் தண்ணீர் விட்டால் தூசியின் பெரும்பகுதி சேறாகிக் கீழே விழுந்துவிடும். வெட்டுகிறவர் களைத்திருந்தாலும் சரி, அவசரத்தில் இருந்தாலும் சரி, தண்ணீர் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். மேல் படியில் இருக்கும் எதற்கும் இந்தக் குணம் உண்டு. கீழே இறங்க இறங்க மனிதனின் கவனத்தை நம்ப வேண்டியிருக்கும்.

ஹெல்த்னு ஏன் சேர்த்துச் சொல்றீங்க? எங்க பயமெல்லாம் விபத்துதான்.

விபத்துக்குச் சத்தம் உண்டு, ஆம்புலன்ஸ் வரும், ஊரே கூடும். நோய் அப்படி வராது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டில், வேலை காரணமாக உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 29 லட்சம் பேர் இறக்கிறார்கள். அதில் விபத்தில் போகிறவர்கள் சுமார் 3.3 லட்சம். மீதி 26 லட்சம் பேரும் நோயில் போகிறவர்கள். ஒன்பதில் ஒரு பங்கைத்தான் நாம் பயந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மேலே சொன்ன கல் தூசியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள சிலிக்கா நுரையீரலைத் தழும்பாக்கும். சிலிகோசிஸ் என்ற அந்த நோயைக் குணப்படுத்த மருந்து கிடையாது. பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு மேல் கழிந்துதான் வெளியே தெரியும். அதற்குள் அந்த ஆள் வேறெங்கோ போயிருப்பார், உங்கள் பதிவேடு சுத்தமாக இருக்கும். சத்தமும் இதே ரகம். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட எல்லை. 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிவிடும். அதனால் 88 டெசிபலில் நான்கு மணி நேரம்தான் நிற்கலாம், 91-இல் இரண்டு. கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருக்கிறதா? அளக்கும் கருவி வரட்டும் என்று காத்திருக்காமல் சத்தத்தைக் குறைக்கும் வேலையைத் தொடங்குங்கள்.

வெப்பத்தையும் இதில் சேர்க்க வேண்டும். 2030-இல் உலகின் மொத்த வேலை நேரத்தில் 2.2 சதவீதம் வெப்பத்தாலேயே பறிபோகும் என்று அதே அமைப்பு 2019-இல் கணக்கிட்டது. அது 8 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமம்.

நாங்க ஆபீஸ் ஆளுங்க. எங்களுக்கு இதுல என்ன இருக்கு?

நாற்காலியும் நேரமும் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனமும் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து பார்த்ததில், வாரத்துக்கு 55 மணி நேரம் அல்லது அதற்கு மேல் வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 சதவீதம் கூடுதல். இதய நோயால் இறக்கும் வாய்ப்பு 17 சதவீதம் கூடுதல். 2016-இல் மட்டும் இந்த நீண்ட நேர வேலையோடு தொடர்புடைய மரணங்கள் 7,45,000. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் ஆண்டுக்கு 1,200 கோடி வேலை நாட்கள் போகின்றன என்பதும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்குதான்.

லீவு போட்டவராவது வருகைப் பதிவில் தெரிகிறார். இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து, காலையில் கண் எரிய உட்கார்ந்து, தப்பான விலைப்பட்டியலை வாடிக்கையாளருக்கு அனுப்புகிறவர் எந்தப் பதிவிலும் தெரிவதில்லை.

இதெல்லாம் லாபத்துல கை வைக்கிற செலவுதானே?

பேக்கிங் மெஷினில் ஒருவருக்கு ஆள்காட்டி விரல் நுனி நசுங்கிவிட்டது என்று வையுங்கள். ஆஸ்பத்திரி பில்லை இன்ஷூரன்ஸ் கொடுத்துவிடும். எல்லோரும் செலவு என்று எழுதுவது அந்தப் பில்லைத்தான். ஆனால் அன்று லைன் நின்றது. பக்கத்தில் இருந்த மூன்று பேருக்கு அன்றைக்கு முழுக்கக் கை ஓடவில்லை. சூப்பர்வைசர் இரண்டு நாள் அறிக்கை எழுதினார். மாற்று ஆளுக்கு அந்த மெஷின் புதிது, முதல் வாரம் கழிவு ஏறியது. ஓவர்டைம் கொடுத்தும் சரக்கு ஒரு நாள் தாமதமாகப் போனது. இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தவர், எட்டு வருஷம் ஓட்டிய அந்த மெஷினை இனித் தொட மாட்டேன், ஸ்டோர்ஸில் போடுங்கள் என்றார். இதில் எதுவும் 'விபத்துச் செலவு' என்ற தலைப்பின் கீழ் வராது. ஓவர்டைம் ஒரு தலைப்பில், கழிவு ஒரு தலைப்பில் என்று சிதறிப்போகும்.

மறைமுகச் செலவு நேரடிச் செலவைப் போல நான்கு மடங்கு என்று ஒரு பழைய எண் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை உங்கள் அறிக்கையில் போடாதீர்கள், நிதித்துறை ஆள் முதல் கேள்வியிலேயே உடைத்துவிடுவார். உங்கள் இடத்தில் நடந்த ஒரே ஒரு காயத்தை எடுத்து, மேலே எழுதிய மாதிரி வரிக்கு வரி விலை போட்டுக் காட்டுங்கள். நாடுகள் அளவில் பார்த்தால், வேலையால் வரும் காயமும் நோயும் உலக உற்பத்தி மதிப்பில் 4 சதவீதத்தைத் தின்றுவிடுகின்றன என்பது தொழிலாளர் அமைப்பின் மதிப்பீடு.

சேமிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு போபால் இருக்கிறது. அந்த ஆலை நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நச்சுத் திரவத் தொட்டியைக் குளிர வைக்கும் கருவி மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டுக் கிடந்தது. 1984 டிசம்பர் 2 இரவு தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தபோது, காப்பாற்ற இருந்தவற்றில் எதுவும் தயாராக இல்லை.

ஒரு வருஷம் முழுக்க எதுவும் நடக்கலை. அப்ப அந்தச் செலவு தண்டம்தானே?

கணக்குத் தணிக்கையில் இந்த வருஷம் திருட்டு எதுவும் பிடிபடவில்லை என்பதற்காக அடுத்த வருஷம் தணிக்கையை நிறுத்துவீர்களா? ஒன்றும் நடக்காததற்குச் செலவு காரணமா, அதிர்ஷ்டம் காரணமா என்று பிரித்துப் பார்ப்பதுதான் உண்மையான வேலை. அதற்கு வழி பின்னால், அறிவிப்புப் பலகை பற்றிய கேள்வியில் வருகிறது.

பாதுகாப்புன்னு பார்த்தா வேலை லேட் ஆகும். இதையாவது ஒத்துக்குவீங்களா?

அந்த நிமிஷக் கணக்கில் ஒத்துக்கொள்கிறேன். மெஷினை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே கை விடுவதற்கு, அப்படியே கை விடுவதைவிட நேரம் அதிகம்தான். இல்லை என்று சொல்பவர் அந்த வேலையைச் செய்து பார்க்காதவர்.

என் வேலையின் ஆரம்ப காலத்தில் நடந்தது இது. ஒரு கன்வேயரில் உருளைகளுக்கு மேல் இருக்க வேண்டிய கார்டு, அதாவது கை உள்ளே போகாமல் தடுக்கும் மூடி, எப்போது போனாலும் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். நான்கு போல்ட். நான் போகும்போது மாட்டுவார்கள், நான் திரும்பியதும் கழற்றுவார்கள். 'கார்டைக் கழற்றினால் நடவடிக்கை' என்று சிவப்பு எழுத்தில் நோட்டீஸ் ஒட்டினேன். அங்கே வயதில் மூத்த ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். நோட்டீஸைப் படித்துவிட்டுச் சொன்னார்: "மாட்டச் சொல்றீங்க, சரி. பெட்டி ஏன் சிக்குதுன்னு இதுவரைக்கும் யாரும் கேக்கலையே சார்."

அன்றைக்கு ஒரு ஷிஃப்ட் முழுக்க அவர் பக்கத்தில் நின்றேன். இருபது தடவைக்கு மேல் பெட்டி சிக்கியது. ஒவ்வொரு தடவையும் நான்கு போல்ட்டைக் கழற்றி மாட்டினால் அந்த லைன் ஓடவே ஓடாது. பக்கவாட்டு வழிகாட்டிக் கம்பி ஓரிடத்தில் விரல் அகலத்துக்கு உள்ளே வளைந்திருந்தது. ஃபோர்க்லிஃப்ட் இடித்திருக்க வேண்டும். அதை நிமிர்த்த பராமரிப்பு ஆளுக்கு ஒரு மணி நேரம் ஆனது. பெட்டி சிக்குவது நின்றது, கார்டு தானாக மாட்டியபடியே இருந்தது, லைனும் முன்பைவிட வேகமாக ஓடியது. கழற்றிய கார்டு எங்கேயோ எதுவோ சரியில்லை என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியவில்லை. நோட்டீஸை நானே கிழித்தேன்.

பெரிய கம்பெனி ஏதாவது இப்படிப் பாதுகாப்பை வெச்சே முன்னேறியிருக்கா? சும்மா கதையா?

அதிகம் சொல்லப்படும் உதாரணம் அலுமினிய நிறுவனமான ஆல்கோவா. 1987-இல் பால் ஓ'நீல் அதன் தலைவராக வந்தார். முதலீட்டாளர்களிடம் முதல் தடவை பேசும்போது லாபத்தைப் பற்றிப் பேசாமல் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். கேட்டவர்களில் சிலர் பங்குகளை விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். வேலைக்கு வர முடியாத அளவு காயம் என்பது 100 பேருக்கு 1.86 ஆக இருந்தது, அவர் காலத்தின் முடிவில் 0.2 அளவுக்கு இறங்கியது. 2000-இல் அவர் விலகியபோது நிறுவனத்தின் ஆண்டு லாபம் பல மடங்கு ஆகியிருந்தது.

எண்களைவிட எனக்குப் பிடித்தது அவர் போட்ட ஒரு விதி. எங்காவது ஒருவருக்குக் காயம் என்றால், அந்தப் பிரிவின் தலைவர் 24 மணி நேரத்துக்குள் ஓ'நீலுக்கே சொல்ல வேண்டும், மறுபடி நடக்காமல் இருக்க என்ன திட்டம் என்பதோடு. இதை நிறைவேற்ற வேண்டுமானால் பிரிவுத் தலைவருக்கு ஆலை மேலாளர் உடனே சொல்ல வேண்டும், மேலாளருக்கு சூப்பர்வைசர் சொல்ல வேண்டும், சூப்பர்வைசருக்குத் தொழிலாளி சொல்ல வேண்டும். இப்படி ஒரு வழி திறந்துவிட்டால் காயச் செய்தி மட்டும் அதில் போகாது. உலை ஏன் அடிக்கடி நிற்கிறது, எந்தக் கச்சாப் பொருள் மட்டம் என்பதும் அதே வழியில் மேலே போகும். என் கன்வேயர் விஷயத்தில் அந்த வழி ஆபரேட்டருக்கும் எனக்கும் நடுவிலேயே அடைபட்டிருந்தது.

லாபம் இருக்கிற கம்பெனிதான் பாதுகாப்புக்குச் செலவு பண்ணும். நீங்க காரணத்தைத் தலைகீழா பிடிச்சிருக்கீங்களோ?

நல்ல கேள்வி, ஆல்கோவா உதாரணத்துக்கு இது நியாயமான அடி. ஒரு நிறுவனத்தின் கதையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அந்தக் காலத்தில் சந்தை, விலை, புதிய நிர்வாகம் எல்லாமே மாறின.

இதற்குச் சரியான பதில் கலிபோர்னியாவில் கிடைத்தது. அங்கே ஆபத்து மிகுந்த தொழில்களில் சில நிறுவனங்களைச் சீட்டுக் குலுக்குவது போலத் தேர்ந்தெடுத்துப் பாதுகாப்பு ஆய்வு செய்வார்கள். லாபம் உள்ளதா இல்லையா என்பதெல்லாம் அந்தத் தேர்வில் வராது. அப்படி ஆய்வுக்கு உள்ளான 409 நிறுவனங்களை, ஆய்வு நடக்காத அதே மாதிரியான 409 நிறுவனங்களோடு டேவிட் லெவின், மைக்கேல் டோஃபெல், மேத்யூ ஜான்சன் மூவரும் ஒப்பிட்டு 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆய்வு நடந்த இடங்களில் காயங்கள் 9.4 சதவீதம் குறைந்தன, காயங்களால் ஆன செலவு 26 சதவீதம் குறைந்தது. சரி, தொழில் நசிந்ததா? விற்பனை, வேலைவாய்ப்பு, நிறுவனம் தாக்குப்பிடிப்பது, எதிலும் பாதிப்பு தென்படவில்லை. பாதுகாப்பு பார்த்தால் கடையை மூட வேண்டியதுதான் என்பவர்களிடம் நான் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான்.

தொழிலாளி அஜாக்கிரதையா இருந்தா கம்பெனி என்ன பண்ணும்?

இதற்குப் பின்னால் ஒரு பழைய எண் இருக்கிறது: 88 சதவீத விபத்துக்குத் தொழிலாளியின் தவறே காரணம் என்பது. 1931-இல் ஹெர்பர்ட் ஹைன்ரிச் சொன்னது. அவர் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அவர் பார்த்த ஆவணங்களில் பல, சூப்பர்வைசர்களும் முதலாளிகளும் எழுதிக் கொடுத்தவை. சூப்பர்வைசர் எழுதும் அறிக்கையில் யார் தவறு என்று வரும்? மேலே சொன்ன நான்கு மடங்கு எண்ணும் இவருடையதுதான்.

உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் இதை வேறு மாதிரி பார்த்தார். ஓட்டை ஓட்டையான பாலாடைக்கட்டித் துண்டுகளை அடுக்கி வைத்தது மாதிரி ஒரு நிறுவனத்தின் தடுப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எங்காவது ஓட்டை இருக்கும். எல்லா ஓட்டையும் ஒரே கோட்டில் வந்த அன்று விபத்து. கடைசித் துண்டில் நிற்பவர் தொழிலாளி, அதனால் அவர் மட்டும் கண்ணில் படுகிறார். கன்வேயரில் யாருடைய விரலாவது போயிருந்தால் அறிக்கையில் 'கார்டைக் கழற்றினார்' என்றுதான் நான் எழுதியிருப்பேன். வளைந்த கம்பியைப் பற்றி ஒரு வரியும் இருந்திருக்காது.

குடித்துவிட்டு வருபவர், வேண்டுமென்றே செய்பவர் இல்லையா என்றால், இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒழுங்கு நடவடிக்கை உண்டு. அதற்கு முன் ஒன்று பாருங்கள்: அந்த இடத்தில் நல்ல, அனுபவமுள்ள வேறு ஒருவர் இருந்திருந்தால் அதையே செய்திருப்பாரா? ஆமாம் என்றால் ஆளை மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை.

எங்க போர்டுல 'விபத்தில்லா 1000 நாள்'னு இருக்கு. அப்ப நாங்க சேஃப்தானே?

2010 ஏப்ரல் 20 அன்று டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய் மேடைக்கு மேலதிகாரிகள் வந்திருந்தார்கள். வேலைநாள் இழப்புக் காயம் இல்லாமல் ஏழு வருஷம் ஓடியது அந்தப் பயணத்தில் பாராட்டப்பட்ட விஷயங்களில் ஒன்று. அன்றிரவே மேடை வெடித்தது, 11 பேர் இறந்தார்கள்.

படிக்கட்டில் வழுக்குவது ஒரு ரகம், குழாயில் அழுத்தம் ஏறுவது வேறு ரகம். முதலாவது அடிக்கடி நடக்கும், எண்ணலாம். இரண்டாவது இருபது வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கும், அதுவரை பலகையில் பூஜ்ஜியம்தான் இருக்கும். 2005 மார்ச்சில் டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் 15 பேர் இறந்த பிறகு, ஜேம்ஸ் பேக்கர் தலைமையிலான குழு இதைத்தான் சுட்டிக்காட்டியது: தனிநபர் காய எண்ணிக்கை குறைவதைப் பார்த்து, ஆலையே பாதுகாப்பாக இருக்கிறது என்று நிர்வாகம் நினைத்துக்கொண்டது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? காலம் தாண்டிய பராமரிப்பு வேலைகள் எத்தனை கிடக்கின்றன, அலாரம் அடித்தும் யாரும் திரும்பிப் பார்க்காதது எத்தனை, சொன்ன குறையைச் சரிசெய்ய எத்தனை நாள் ஆகிறது. நீங்கள் ஒரே ஓர் எண்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் கடைசியில் சொன்னதை வையுங்கள். அதிர்ஷ்டத்தையும் உழைப்பையும் பிரித்துக் காட்டுவதும் அதுதான்.

மயிரிழையில தப்பினதையும் எழுதச் சொன்னோம். எண்ணிக்கை எகிறிடுச்சு. எம்.டி. கோபப்படுறார்.

அவருக்கு இதைச் சொல்லுங்கள். தொண்ணூறுகளில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவில் தலைகீழாக வந்தது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் தவறு அதிகம். உள்ளே போய்ப் பார்த்தால், அவர்கள் தவறைப் பயமில்லாமல் வெளியே சொன்னார்கள், மற்றவர்கள் மறைத்தார்கள். உங்கள் எண்ணிக்கை எகிறியதற்கும் முதல் காரணம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

எங்க பக்கம் நேர்மாறு. பெட்டி வெச்சிருக்கோம், ஒரு சீட்டும் விழ மாட்டேங்குது.

இரண்டு காரணம். ஒன்று, எழுதினால் நம்மையே பிடிப்பார்கள் என்ற பயம். விமானத்துறையில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அமெரிக்காவில் 1976 முதல் விமானிகள் தங்கள் தவறுகளையும் தப்பிய சம்பவங்களையும் எழுதி அனுப்பும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. கடிதங்கள் தண்டிக்கும் அதிகாரம் உள்ள துறைக்குப் போவதில்லை, நாசாவுக்குப் போகின்றன. பெயர் நீக்கப்பட்டுவிடும்.

இரண்டாவது காரணம் இன்னும் சாதாரணமானது. போன தடவை எழுதியதற்கு ஒன்றும் நடக்கவில்லை. 'மாடிப்படி விளக்கு எரியவில்லை' என்று ஒருவர் எழுதி மூன்று மாதம் இருட்டிலேயே ஏறி இறங்கினால், அவரிடம் போய் எரிவாயுக் கசிவைப் பற்றி எழுதுங்கள் என்றால் எழுதுவாரா? பெட்டியை எடுத்துவிட்டு, முதல் ஐந்து சின்னக் குறைகளை ஒரே வாரத்தில் சரிசெய்து பாருங்கள். சீட்டு தேவைப்படாது, நேரிலேயே வந்து சொல்வார்கள்.

விபத்தில்லாத மாசத்துக்குப் பரிசு கொடுக்கலாமா?

வேண்டாம். கட்டுப் போட்ட கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வேலைக்கு வருவார்கள், தன்னால் முப்பது பேருக்குப் பரிசு போகக் கூடாதே என்று. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் குறையைக் கண்டுபிடித்துச் சொன்னவருக்குக் கொடுங்கள்.

ஐஎஸ்ஓ 45001 வாங்கிட்டா போதுமா?

பணியிடப் பாதுகாப்புக்காக 2018-இல் வந்த அந்தச் சர்வதேசத் தரநிலை நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. குறிப்பாக, தொழிலாளர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும், முடிவுகளில் பங்கெடுக்க வைக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்கிறது. பலர் அந்தப் பகுதியை ஒரு கையெழுத்துத் தாளோடு முடித்துவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம். தணிக்கைக்கு முந்தின வாரம் கோப்புகள் பளபளவென்று தயாராவதைப் பார்த்தால், அந்தச் சான்றிதழ் சுவருக்காக வாங்கியது என்று தெரிந்துவிடும்.

ஒப்பந்தத் தொழிலாளிங்களுக்கு கான்ட்ராக்டர்தானே பொறுப்பு?

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், நடைமுறையை மட்டும் சொல்கிறேன். மேலே சொன்ன டெக்சஸ் சிட்டியில் இறந்த 15 பேரும் ஒப்பந்தக்காரர்களின் ஆட்கள். ஆலையை மறுபடி இயக்கும் ஆபத்தான நேரத்தில், அதற்குப் பக்கத்திலேயே நிறுத்தியிருந்த தற்காலிக அறைகளிலும் அவற்றைச் சுற்றியும் இருந்தார்கள். எந்த அறையை எங்கே நிறுத்துவது என்று முடிவெடுப்பது அவர்கள் கையில் இல்லை. ஆபத்தை உருவாக்குவதும் குறைப்பதும் யார் கையில் இருக்கிறதோ, பொறுப்பும் அங்கேதான்.

இதன் நீட்சிதான் சப்ளையர்களும். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. அதே கட்டடத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது, தையல் தொழிலாளர்கள் மட்டும் உள்ளே வரவழைக்கப்பட்டார்கள். தொலைதூரத்தில் இருந்த ஆடை நிறுவனங்களும் அதன் பிறகு பதில் சொல்ல வேண்டியிருந்தது.

நாங்க பத்தே பேர். தனியா சேஃப்டி ஆபீசர் எல்லாம் வைக்க முடியாது.

வேண்டியதில்லை. பத்து பேர் இருக்கும் இடத்தில் செய்தி முதலாளியிடம் போக ஒரே படிதான், பெரிய நிறுவனங்கள் காசு கொடுத்தும் வாங்க முடியாத வசதி அது. வாரம் ஒரு நாள், அரை மணி நேரம், வேலை நடக்கும்போதே சுற்றி வாருங்கள். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி போதும்: "இந்த வேலையில உனக்கு எது கஷ்டமா இருக்கு?" பாதுகாப்பு என்ற சொல்லையே எடுக்காதீர்கள். கஷ்டமான இடத்தில்தான் குறுக்குவழி இருக்கும், ஆபத்தும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். வரும் பதில்களை ஒரு நோட்டில் எழுதி, முதலில் உயிர் போகக்கூடியவற்றையும் கை கால் போகக்கூடியவற்றையும் பாருங்கள். உயரத்திலிருந்து விழுவது, மின்சாரம், நகரும் வண்டி, சுழலும் மெஷின், மூடிய தொட்டி. மேஜை முனையில் இடித்துக்கொள்வது அப்புறம்.

யார் வேணா வேலையை நிறுத்தலாம்னு எழுதிப் போட்டிருக்கோம். ஒருத்தரும் நிறுத்த மாட்டேங்கறாங்க, ஏன்?

1988 ஜூலை 6, வடகடலில் பைப்பர் ஆல்ஃபா மேடை. ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வு பழுதுபார்க்கக் கழற்றப்பட்டிருந்தது, அந்தச் செய்தி இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. அவர்கள் அந்தப் பம்பை ஓடவிட்டார்கள், வாயு கசிந்து வெடித்தது. இவ்வளவு வரை பலருக்கும் தெரியும். பைப்பர் எரிவதைப் பக்கத்து மேடைகளிலிருந்து பார்க்க முடிந்தது, ஆனாலும் அங்கிருந்து குழாய்களில் எண்ணெய் போய்க்கொண்டே இருந்தது. நிறுத்துவது பெரிய நஷ்டம், மேலிடம் என்ன சொல்லுமோ என்ற தயக்கம். அன்று 167 பேர் இறந்தார்கள். கண்ணெதிரே நெருப்பைப் பார்த்த மேலாளர்களுக்கே அந்தத் தயக்கம் வந்தது என்றால், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆன பையன் ஓடும் லைனை நிறுத்துவான் என்று எப்படி எதிர்பார்ப்பது?

எழுதிப் போட்டதை யாரும் நம்புவதில்லை. முதல் தடவை ஒருவர் நிறுத்தி, அது தேவையில்லாத நிறுத்தமாகப் போனால் என்ன நடக்கிறது என்றுதான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் இருந்த ஓரிடத்தில் ஓர் இளைஞர் கிரேனை நிறுத்தினார், தூக்கும் பட்டையில் வெட்டு இருக்கிறது என்று. நாற்பது நிமிஷம் வேலை நின்றது. மேலாளர் வந்து குனிந்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். கிரீஸ் கறை. சுற்றி நின்றவர்கள் மூச்சு விடவில்லை. அவர் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு, "சரி, பார்த்தாச்சு. தூக்குங்க" என்றார். பிறகு அந்தப் பையனிடம், "வெட்டு எப்படி இருக்கும்னு காட்டட்டுமா?" என்று ஸ்டோர்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அடுத்த மாதம் அதே பையன் இன்னொரு பட்டையைக் காட்டி நிறுத்தினான். அதுவும் கிரீஸ்தான்.